இசையும் இடனும்

பொருளைப் பெறுதல் ஓர் அறிவு. பெற்ற பொருளை உரிய இடத்தில் வைத்தல் மற்றோர் அறிவு. முன்னது பணத்தாலும் உழைப்பாலும் கைகூடும். பின்னது பொறுமையால் அன்றிக் கைகூடாது. விளக்கு ஒன்றே, மாடத்தில் வைத்தால் இல்லம் முழுதும் ஒளி பெறும், கதவின் பின்னே வைத்தால் நிழலே மிகும். திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலம் அறிதல், இடன் அறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினார். அவை வேந்தன் வினைமேற் செல்லுங்கால் எண்ண வேண்டியவை. எனினும், சிறு வீட்டில் வாழ்வார்க்கும் அவை பயன்படுதல் உண்டு. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஒரு கூடத்தில் ஓர் இசைப்பெட்டியை வைக்க முயன்ற மகன் ஒருவன் அம்மூன்றையும் கற்றுக்கொண்ட வரலாறு ஈண்டுக் கூறப்படும்.

சென்னைத் திருவல்லிக்கேணியில், வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் தெரு ஒன்றில், மிருதங்கக் கலைஞர் ஒருவர் வாழ்ந்துவந்தார். ஆண்டு எண்பதை அணுகியவர்; ஐம்பது ஆண்டுகள் பாடகர் பலருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிய பின், மிருதங்கம் உறையிடப்பட்டு மூலையில் நின்றது. கை ஓய்ந்தது, செவி ஓயவில்லை. மாலை தோறும் மகனுடைய கைப்பேசியில் பழைய கச்சேரிகளைக் கேட்டலே அவர்க்கு எஞ்சிய இன்பமாக இருந்தது.

ஒருநாள் அன்பர் ஒருவர் அவரைக் காண வந்தார். 1978ஆம் ஆண்டில் ஒரு கோயில் விழாவில் நடந்த கச்சேரியைத் தம் ஒலிநாடாவில் பதிவுசெய்து போற்றி வைத்திருந்தவர் அவர். அதனை இக்காலக் கருவிக்கு ஏற்ப மாற்றிக் கொணர்ந்து தந்தார். அக்கச்சேரியில் மிருதங்கம் வாசித்தவர் அம்முதியவரே. மகன் பிறப்பதற்கு ஈராண்டு முன்னர் நிகழ்ந்தது அது. தந்தையின் கை முழு வலிமையோடு இருந்த காலத்து வாசிப்பை அவன் கேட்டதே இல்லை. ஆதலின் இருவரும் ஆவலோடு அமர்ந்து கேட்டனர். பாட்டு முடிந்து, தனி ஆவர்த்தனம் தொடங்கிற்று. சிறிது நேரம் கேட்ட முதியவர் தலையசைத்தார்.

"தம்பி, இது பாதி வாசிப்பு. வலக்கை பேசுகிறது, தொப்பி பேசவில்லையே!" என்றார்.

மிருதங்கத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு. வலமுகம் வலந்தலை எனப்படும். நடுவே கருநிறப் பூச்சு உடையது. தெளிந்த குரலால் சுருதியோடு ஒன்றி நிற்பது. இடமுகம் தொப்பி எனப்படும். வாசிக்கும் முன்னர் அதன் நடுவே நீரிற் பிசைந்த ரவையை அப்புவர். அதனால் அதன் குரல் தாழ்ந்து முழங்கும். வலந்தலையின் கரும்பூச்சு, ஒழுங்கற்றுச் சிதறக்கூடிய தோலின் அதிர்வுகளை இசைக்கு உரிய வரிசையில் நிறுத்துகின்றது என்பதைச் சர் சி. வி. இராமன் 1920இலும், மீண்டும் விரிவாக 1934இலும் ஆராய்ந்து வெளியிட்டார். வலந்தலை சொல் என்றால் தொப்பி அதன் பொருள் எனலாம். ஒன்றின்றி மற்றொன்று நிறைவுறாது.

தொப்பியின் குரல் எங்கே மறைந்தது? ஒலிநாடாவிலும் அது மறையவில்லை. முதியவர் செவியிலும் மறையவில்லை. முதுமையால் செவி மழுங்குங்கால் பெரும்பாலும் உயர்ந்த குரல்களே முதலில் விடைபெறும். தாழ்ந்த குரல்கள் நெடுநாள் உடனிருக்கும். குறை கைப்பேசியிலேயே இருந்தது. அதன் ஒலிபெருக்கி கட்டைவிரல் நகத்தளவே ஆம். தாழ்ந்த குரலை எழுப்ப மிகுந்த காற்றைத் தள்ளுதல் வேண்டும். குரல் பாதியாகத் தாழ்ந்தால், அதே அளவு அழுத்தத்தைத் தருவதற்கு அதே கூம்பு நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் அசைதல் வேண்டும். விசிறி ஒன்றால் ஊதுலையின் வேலையைச் செய்தல் இயலுமோ?

மின்பணி செய்து பிழைக்கும் அம்மகன், தாழ்ந்த குரலுக்கென்றே ஒரு பெட்டியைத் தன் கையால் செய்வதென உறுதி கொண்டான். கடைத்தெருவில் 'சப்வூஃபர்' என்று வழங்கும் அதனைத் தாழொலிப் பெட்டி எனக் கூறலாம். ரிச்சித் தெருவிற்குச் சென்று 10 அங்குல விட்டமுடைய ஒலிபெருக்கி ஒன்றும், அதனை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வாங்கினான். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள் அசைய, அதனோடு இணைந்த கூம்பு காற்றை அசைக்கும் இவ்வகைக் கருவி, 1925இல் அமெரிக்கப் பொறியாளர்களான செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் ஆகிய இருவரால் செப்பம் பெற்றது. நூறாண்டு கடந்தும் அதன் அடிப்படை மாறவில்லை.

கூம்பு முன்னே தள்ளும்பொழுது முன்புறத்துக் காற்று நெருங்கும். பின்புறத்துக் காற்று நெகிழும். பெட்டி இல்லையாயின் இவ்விரண்டும் விளிம்பைச் சுற்றி ஓடி ஒன்றை ஒன்று அழித்துவிடும். வரவும் செலவும் ஒத்த வீட்டில் மிச்சம் இல்லாதவாறு போல, தாழ்ந்த ஒலி எஞ்சாது போகும். அதனைத் தடுப்பதே பெட்டியின் முதற்பணி. அதன்மேலும் ஒரு பணி உண்டு. வாய் குறுகிய குடத்தின் விளிம்பில் ஊதினால் குடம் தனக்கே உரிய ஒரு குரலில் முரலும். குடத்துக் காற்று சுருள்வில் போலவும், கழுத்துக் காற்று அதில் தொங்கும் எடை போலவும் இயங்குவதால் எழும் குரல் அது. செருமானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்சு 19ஆம் நூற்றாண்டில் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். பெட்டியில் ஒரு குழாயைப் பொருத்தினால், கூம்பின் பின்புறத்து ஒலியும் அக்குடத்தின் குரல்போல வெளிப்பட்டுத் துணைசெய்யும். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் இதற்கு முறையான கணக்கு வகுத்தார். ரிச்சர்டு ஸ்மால் என்பார் 1970களின் முற்பகுதியில் அதனை விரிவாக்கினார். இன்று வீட்டில் பெட்டி செய்வோர் எல்லாரும் அவ்விருவர் கணக்கையே பின்பற்றுகின்றனர்.

மகனும் அவ்வாறே கணக்கிட்டான். உள்ளே 40 லிட்டர் காற்றுக் கொள்ளும் பெட்டி, 7.5 செ.மீ. விட்டமும் 22 செ.மீ. நீளமும் உடைய குழாய். இவை சேர்ந்தால் நொடிக்கு 35 அதிர்வில் பெட்டி முரலும். 18 மி.மீ. கனமுள்ள ஒட்டுப்பலகையைத் தச்சர் ஒருவரிடம் அறுத்துவந்து, பசை தடவித் திருகாணியிட்டு, காற்றுக் கசியாதவாறு இணைப்பிடங்களை அடைத்தான். அகலமும் உயரமும் 38 செ.மீ.; ஆழம் 42 செ.மீ. ஒரு முக்காலியின் அளவே. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. "செய்து முடித்தேன்" என்று அவன் மகிழ்ந்தான். வேலையின் கடினமான பாதி இனிமேற்றான் உள்ளது என்பதை அவன் அறியான்.

அக்கூடத்தின் நிலையைச் சிறிது காண்க. ஒரு பக்கம் தெருவாயில். அதற்கு நேர் எதிரே சமையலறைக்குச் செல்லும் வழி. நெடுஞ்சுவர் இரண்டில் ஒன்று வீட்டின் முற்றத்தை நோக்கியது. மற்றொன்று அடுத்த வீட்டிற்கும் பொதுவானது. பீரோ, தையல் இயந்திரம், கட்டில், தொலைக்காட்சி, பித்தளை அண்டா, முதியவரின் சாய்வு நாற்காலி ஆகிய அனைத்திற்கும் அக்கூடமே இடம். பெட்டி நுழையத்தக்க இடங்கள் மூன்று நான்கே இருந்தன.

முதலில் தெருப்பக்கத்து மூலையில், பீரோவிற்கும் பொதுச்சுவருக்கும் இடையே பெட்டியை வைத்தான். நாற்காலி வழக்கம்போல எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடந்தது. வாசிப்புத் தொடங்கியதும் கூடமே முழங்கிற்று. முழக்கம் பெரிது, இசையோ சிறிது. ஓர் அடி ஓய்வதற்குள் அடுத்த அடி அதன்மேல் ஏறி விழுந்தது. எவ்வகை அடியாயினும் 'ஊம்' என்னும் ஒரே குரலே எழுந்தது. சன்னற் கதவின் தாழ்ப்பாள் நடுங்கிற்று. நாட்காட்டி சுவரில் தாளமிட்டது. முதியவர் காதைப் பொத்திக்கொண்டு, "தம்பி, முன்பு தொப்பி பேசவில்லை, இப்பொழுது தொப்பி பிறரைப் பேசவிடவில்லை" என்றார்.

இதற்குக் காரணம் என்னை? வெப்பம் மிக்க சென்னையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் செல்லும். நொடிக்கு 3500 முறை அதிரும் உயர்ந்த குரலின் அலைநீளம் 10 செ.மீ.; அறையில் அது பல்லாயிரம் வழிகளில் சிதறித் திரியும். நொடிக்கு 35 முறை அதிரும் தாழ்ந்த குரலின் அலைநீளமோ 10 மீட்டர். 12 அடி நீளக் கூடத்தில் அது யானையைக் கொட்டிலில் அடைத்தாற் போன்றது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அலை சென்று மீளுங்கால், அறையின் நீளத்தைப்போல் இருமடங்கு அலைநீளம் உடைய குரல் அவ்வறைக்கு உரிய குரலாகித் தங்கி நிற்கும். 12 அடி என்பது 3.66 மீட்டர், இருமடங்கு 7.32 மீட்டர், 350ஐ அதனால் வகுக்க 48 என வரும். ஆகவே, நொடிக்கு 48 அதிர்வுள்ள குரல் அக்கூடத்தின் நீளத்திற்கு உரியது. அவ்வாறே 10 அடி அகலத்திற்கு உரியது 57. கூரையின் உயரமும் 10 அடியாக அமைந்தமையால் உயரத்திற்கு உரியதும் 57 ஆயிற்று. இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அறையும் ஒரு குடமே. அதற்கும் தன் குரல் உண்டு.

இவ்வகை நிலையலைகளின் அழுத்தம் சுவர்களின் அருகே மிகும்; மூலையில் மூன்று தளங்கள் கூடுதலால் எல்லா நிலையலைகளும் அங்கே உச்சம் பெறும். மூலையில் வைத்த பெட்டி அவை அனைத்தையும் ஒருங்கே தட்டி எழுப்பும். எதிர்ச்சுவரை ஒட்டி இருப்பவர் செவி அவ்வுச்சத்திலேயே அமையும். ஆகலின் அழுத்தத்தின்மேல் அழுத்தம் சேர்ந்தது.

மகன் நாற்காலியை நகர்த்திக் கூடத்தின் நட்டநடுவே இட்டான். முழக்கம் மறைந்தது, அதனோடு தொப்பியின் உடலும் மறைந்தது. 48 அதிர்வுள்ள நிலையலைக்கு நீளத்தின் நடுவிடத்தில் அழுத்தம் இல்லை. ஊஞ்சற் பலகையின் இரு நுனியும் ஏறி இறங்க நடுவிடம் அசையாது நிற்பது போன்றது அது. அங்கே அமர்ந்தவர்க்கு அக்குரல் கேளாது. பெட்டியை எங்கே வைத்தாலும், ஒலியை எவ்வளவு கூட்டினாலும் கேளாது. மேலும் நடுவே கிடந்த நாற்காலி, சமையலறைக்குச் செல்வார் அனைவரையும் தடுத்தது. வீட்டுப் பெண்டிர் ஒருநாள் பொறுத்தனர், மறுநாள் பொறுக்கவில்லை.

பின்னர் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து 3 அடி முன்னே, அஃதாவது நீளத்தில் கால்பங்கு தள்ளி இட்டான். அவ்விடத்தில் அறைக்குரல் மிகவும் இல்லை. முற்றும் அவிந்ததும் இல்லை. இருக்கை ஒருவாறு அமைந்தது. இனிப் பெட்டியின் இடம் யாது? முப்பது கிலோவை ஒட்டிய பெட்டியை மூலை தோறும் சுமந்து சென்று சோதித்தல் எளிதன்று. இங்கே ஒரு பழைய உண்மை அவனுக்குக் கைகொடுத்தது. ஓரிடத்து எழும் ஒலி மற்றோரிடத்தில் எவ்வாறு கேட்குமோ, அவ்வாறே மறுதலையாகவும் கேட்கும். ஒலிப்பவரும் கேட்பவரும் இடம் மாறினும் இடைநின்ற வழி மாறாது. இராலே பிரபு 1877, 1878ஆம் ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாக வெளியிட்ட ஒலி பற்றிய பெருநூலில் இவ்வுண்மையை விளக்கியுள்ளார். ஆகவே பெட்டியைக் கேட்பவர் இருக்கையில் ஏற்றிவிட்டு, ஒலியைக் கேட்டுக்கொண்டே கேட்பவர் சுவரோரம் தவழ்ந்து செல்லலாம்; எவ்விடத்தில் ஒலி செவ்விதாகக் கேட்கின்றதோ, அவ்விடமே பெட்டிக்கு உரிய இடம்.

முதியவரை எழுப்பிக் கட்டிலில் அமர்த்திவிட்டு, அவருடைய நாற்காலியில் பெட்டியை ஏற்றினான். தாழ்ந்த குரல்கள் படிப்படியாக ஏறும் ஒலிப்பதிவு ஒன்றை இயக்கிவிட்டு, நாற்பது வயது கடந்த அம்மகன் முழங்கால் ஊன்றித் தவழலானான். தந்தையார் நகைத்தார். "நீ முதன்முதல் தவழ்ந்த இடமும் இக்கூடமே. அன்று என் மிருதங்கத்தைத் தேடித் தவழ்ந்தாய், இன்று அதன் குரலைத் தேடித் தவழ்கின்றாய்" என்றார். மகனும் நகைத்தான், ஆயினும் தவழ்தலை விடவில்லை.

பொதுச்சுவரின் ஓரத்தில், தெருச்சுவரிலிருந்து 4 அடி தள்ளி ஓர் இடத்தில் குரல்கள் எல்லாம் ஒப்பக் கேட்டன. தையல் இயந்திரம் நின்ற இடம் அது. இயந்திரத்தை முற்றத்துக்கு மாற்றிப் பெட்டியை அங்கே இருத்தினான். அன்று மாலை விளக்கேற்றிய பின் 1978ஆம் ஆண்டுக் கச்சேரி மீண்டும் ஒலித்தது. தனி ஆவர்த்தனத்தில் இடக்கையின் குமுக்கு, அடியிலிருந்து மேலே வழுக்கி ஏறி ஒரு கேள்விபோல நின்றது. வலக்கை அதற்கு விடை கூறிற்று. முதியவர் கண்ணை மூடிக்கொண்டார். மடங்கிய விரல்கள் மடியின்மேல் அசைந்தன. முடிவில் தீர்மானம் விழுந்தபொழுது, "ஆம், இவன்தான் நான்" என்றார். மகன் மறுமொழி கூறவில்லை; கூற இயலவில்லை.

பத்து நாள் இவ்வாறு கழிந்தது. இன்பம் பெருகப் பெருக ஒலியும் சிறிது சிறிதாகப் பெருகிற்று. மாலையில் தொடங்கியது இரவு பத்து மணியையும் தொட்டது. பதினோராம் நாள் முதியவர் எழுந்து கட்டிலுக்குச் செல்லும்பொழுது, தள்ளாமையால் பொதுச்சுவரில் இடக்கையை ஊன்றினார். ஊன்றியவர் நகரவில்லை. உள்ளங்கை முழுவதையும் சுவரில் பதித்து, தோலின் பதம் பார்ப்பவர்போல நின்றார்.

"தம்பி, நிறுத்து" என்றார்.

"ஏன் அப்பா? ஒலியில் குறை உண்டோ?"

"ஒலியில் குறை இல்லை. இச்சுவர் தொப்பிபோல் அதிர்கின்றது. வலந்தலையைத் தட்டினால் தட்டாத தொப்பியும் உள்ளே அதிரும். ஐம்பது ஆண்டு இக்கையால் அறிந்தது அது. இச்சுவரில் நம் பக்கம் ஒரு முகம்; அடுத்த வீட்டுப் பக்கம் மற்றொரு முகம். நாம் தட்டுகின்றோம், அங்கே என்ன கேட்கின்றது என்று ஒருநாளேனும் கேட்டாயா?"

மறுநாட்காலை மகன் அடுத்த வீட்டிற்குச் சென்றான். அவ்வீட்டு அம்மையார் அவனை வரவேற்று அமரச் செய்தார். "அக்கா, எங்கள் பாட்டு உங்களுக்குத் தொல்லையாக இருக்கின்றதா?" என்று கேட்டான். அவர் முதலில் "ஒன்றும் இல்லை, தம்பி" என்றார். மீண்டும் வற்புறுத்திக் கேட்டபின்னர் மெல்லக் கூறினார்: "பாட்டு எங்களுக்குக் கேட்பதில்லை. பாட்டாகக் கேட்டால் நாங்களும் மகிழ்ந்திருப்போம். 'தும் தும்' என்பது மட்டும் வருகின்றது. அலமாரியில் எவர்சில்வர்த் தட்டுகள் கிணுகிணுக்கின்றன. மகளுடைய குழந்தைக்கு இரண்டு மாதம். சுவரோரம் தூளி கட்டியிருக்கின்றோம். கண்ணயரும் வேளையில் திடுக்கிட்டு எழுகின்றது. பெரியவர் இத்தனை நாளுக்குப்பின் பாட்டுக் கேட்கின்றாரே, அதை எப்படித் தடுப்பது என்று இருந்துவிட்டோம்."

அவ்வம்மையார் கூறியதில் ஓர் இயற்கை உண்மை உண்டு. நாலரை அங்குலச் செங்கற்சுவர் உயர்ந்த குரல்களைப் பெரிதும் தடுத்துவிடும். தாழ்ந்த குரல்களை அவ்வாறு தடுக்க மாட்டாது. குரல் தாழத் தாழச் சுவரின் தடுக்கும் ஆற்றலும் குறையும். ஆகவே, ஒரு வீட்டில் இசையாக இருப்பது மறுவீட்டை அடையும்பொழுது பாட்டும் சொல்லும் வடிகட்டப்பட்டு வெறும் இடியாக மாறிவிடுகின்றது. இன்பமெல்லாம் இப்பக்கம் தங்க, துன்பம் மட்டும் அப்பக்கம் சென்றது.

இது பற்றி அரசின் விதியும் உண்டு. இந்திய அரசு வகுத்த ஒலி மாசு விதிகள், 2000 என்பவற்றின்படி, குடியிருப்புப் பகுதியில் பகற்பொழுதில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என எல்லை குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் அவ்வளவை மனிதச் செவியின் இயல்பைப் பின்பற்றித் தாழ்ந்த குரல்களைக் குறைத்து மதிப்பிடும் முறையில் அமைந்தது. 50 அதிர்வுள்ள குரலை அது 30 டெசிபல் குறைத்தே கணக்கிடும். ஆதலின், கருவி 'எல்லைக்குள் உள்ளது' என்று கூறும்பொழுதே அடுத்த வீட்டுத் தட்டு கிணுகிணுத்தலும், குழந்தை விழித்தலும் கூடும். கருவி காட்டும் எல்லை ஒன்று. அயலார் முகம் காட்டும் எல்லை மற்றொன்று. அறிவுடையோர் பின்னதனையே முதலில் நோக்குவர்.

மகன் வீடு திரும்பிப் பெட்டியின் கம்பிகளைக் கழற்றத் தொடங்கினான். "போதும் அப்பா, நீங்கள் ஒருமுறை கேட்டுவிட்டீர்கள்" என்றான். முதியவர் தடுத்தார். "கை பெரிது என்பதால் தாளத்தை விடுவார் உண்டோ? பாடகர் குரல் மெலிந்திருந்தால், அதற்கேற்ப அடக்கி வாசிப்பான் பக்கவாத்தியக்காரன். அடக்கி வாசித்தல் வாசியாமை அன்று, அதுவே வித்தை. இப்பெட்டிக்கும் அதனைக் கற்பி" என்றார்.

அச்சொல் மகனுக்கு வழிகாட்டிற்று. இதுவரை அவன் 'கூடத்தில் இசை நிறைய எங்கே வைப்பது?' என்றே எண்ணினான். கூடம் ஏன் நிறைய வேண்டும்? கேட்பவர் ஒருவரே அன்றோ? தொலைவிலுள்ள செடிக்கு வாளி நீரை வீசி எறிவானேன்? அருகே சென்று ஒரு செம்பு வார்த்தால் போதாதோ? திறந்த வெளியில் ஒலிக்கும் பொருளுக்கும் செவிக்கும் இடையே உள்ள தொலைவு கால்பங்காகக் குறைந்தால், அதே அழுத்தத்திற்குப் பதினாறில் ஒரு பங்கு ஆற்றலே போதும். சுவர்கள் சூழ்ந்த சிற்றறையில் இக்கணக்கு முழுதும் பொருந்தாது எனினும், அருகே வைத்தால் சிறிது ஒலியே பெரும்பயன் தரும் என்பது பொய்யாகாது. அன்றியும், நேரே வரும் ஒலி மிகுமாதலின், அறையின் தன் முழக்கம் அதனுள் கலந்து கெடுப்பதும் குறையும்.

நாற்காலியின் இடப்புறத்தில், முற்றத்துச் சுவரின் பக்கமாக, பித்தளை அண்டா நின்ற இடம் இருந்தது. பொதுச்சுவரிலிருந்து அதுவே மிகச் சேய்மையானது. அண்டா பரண்மேல் ஏறிற்று. அதன் இடத்தில், முதியவர் கையிலிருந்து ஒரு முழத் தொலைவில், பெட்டி அமர்ந்தது. தரையின் வழியே அதிர்வு பரவாதிருக்கும்பொருட்டு அதன் அடியில் நான்கு இரப்பர்க் கட்டைகளை வைத்தான். காற்றின் வழியே செல்வதற்கு அக்கட்டைகள் தடையாகா என்பதை அறிந்து, ஒலித்திருகையும் குறைத்தான். பின்னர்ப் பெட்டியை இயங்கவிட்டு, தானே அடுத்த வீட்டிற்குச் சென்று தூளியின் அருகே நின்று கேட்டான். தட்டுகளைத் தொட்டுப் பார்த்தான். மெல்லிய அதிர்வு ஒன்று எஞ்சியிருந்தது. திரும்பி வந்து இன்னும் சிறிது குறைத்தான், மீண்டும் சென்றான். மூன்றாம் முறை சென்றபொழுது தட்டுகள் அமைதியாக இருந்தன, குழந்தை உறங்கிற்று. திருகு நின்ற இடத்தில் ஒரு கோடு கீறினான். அக்கோட்டைக் கடப்பதில்லை என்பது வீட்டின் விதியாயிற்று.

காலமும் வகுக்கப்பட்டது. குழந்தை எந்நேரத்தில் விழித்து விளையாடும் என்று அம்மையாரிடமே கேட்டறிந்து, மாலை ஐந்து மணி முதல் ஆறரை வரை எனக் குறித்துக்கொண்டனர். இங்ஙனம் வலியும் காலமும் இடனும் ஒருங்கே அமைந்தன.

அம்மாலையில் கச்சேரி ஒலித்தபொழுது மகனுக்குள் ஓர் ஐயம் எழுந்தது. முன்னைய இடத்தில் கேட்ட நிறைவு இதில் இல்லை, கூடம் அதிரவில்லை, தொப்பியின் குரல் மெலிந்தே இருந்தது. "போதுமா அப்பா?" என்று கேட்டான். முதியவர் விடை கூறாமல் இடக்கையை நீட்டிப் பெட்டியின் மேற்பலகையில் வைத்தார். பலகை உள்ளங்கையின் கீழே மெல்ல முரன்றது. தனி ஆவர்த்தனம் நடந்தது. 1978இல் அக்கை செய்த ஒவ்வொரு குமுக்கும் அதே கையின் அடியில் மீண்டும் எழுந்தது. அரை நூற்றாண்டு முன் தந்ததைக் கை இன்று திரும்பப் பெற்றுக்கொண்டது.

"செவிக்குக் குறைந்ததைக் கை கேட்டுவிட்டது" என்றார் முதியவர்.

சில நாள் கழித்து, ஐந்து மணியளவில், அடுத்த வீட்டு அம்மையார் குழந்தையைத் தோளில் ஏந்தி அக்கூடத்திற்கு வந்தார். சுவருக்கு அப்பால் இடியாகக் கேட்டது இப்பால் பாட்டாக இருந்தது. குழந்தை பெட்டியை நோக்கிக் கையை ஆட்டிற்று. "இவனும் தாளம் போடுகின்றான்" என்று முதியவர் மகிழ்ந்தார்.

ஒரு பொருளுக்கு உரிய இடம் யாது என்று தேடுவோர், அது எங்கே நன்றாக விளங்கும் என்பதை மட்டும் நோக்கின் பாதியே அறிந்தவராவர். அது எங்கே பிறரை வருத்தாது என்பதையும் நோக்கின் முழுதும் அறிந்தவராவர். சுவர் ஒன்றாயினும் முகம் இரண்டு. தன் பக்கத்து முகத்தைத் தட்டுமுன் மறுபக்கத்து முகத்தை நினைப்பவன் இசையறிந்தவன் மட்டும் அல்லன். வாழவும் அறிந்தவன் ஆவான்.